ஒரு கேம் ஏன் புடிக்குது, ஏன் கடுப்பேத்துது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த கேம் வாங்கலாம், இது ஏன் நல்லாருக்குன்றீங்க, அதை ஏன் மொக்கன்னு திட்றீங்கன்னு கேள்வி வந்துட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடுற வேலை எனக்கு வராது. நான் பாக்குறது முக்கியமா ஒரே விஷயம்தான்: ஆடி தோத்த அடுத்த நிமிஷம் அந்த கேம் நம்மள எப்படி நடத்துது? கீழ இருக்குற பதில் பாதிக்கு மேல இதுலேர்ந்துதான் வருது.

கே: அது என்ன தோத்த அடுத்த நிமிஷம்? ஜெயிக்கிறதுதானே ஜாலி?

ஜெயிக்கும்போது எல்லா கேமும் நல்ல கேம்தான். மியூசிக் ஏறும், காசு கொட்டும், ஸ்க்ரீன் பூரா கலர் கலரா வெடிக்கும். அதை வெச்சு ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது. தோத்த உடனே பாருங்க, ஏன் தோத்தோம்னு நமக்கு புரியுதா, திரும்ப ஆட எவ்ளோ நேரம் ஆகுது, அந்த நேரத்துல கேம் நம்மகிட்ட என்ன கேக்குது.

2010-ல வந்த சூப்பர் மீட் பாய் ஆடியிருப்பீங்க, இல்லன்னா யூடியூப்ல பாத்திருப்பீங்க. ரம்பத்துல மாட்டி செத்தா லோடிங் எதுவும் இல்ல, கண் சிமிட்டுறதுக்குள்ள திரும்ப ஆரம்பத்துல நிக்கிறோம். லெவலை முடிச்சதும் நாம செத்த எல்லா முயற்சியையும் ஒண்ணா சேத்து ஓட்டிக் காட்டுவான், ஒரு கூட்டமே ஓடி ஒவ்வொருத்தனா சாவான், கடைசில ஒருத்தன் மட்டும் போய் சேருவான். நம்ம தோல்வியையே நமக்கு காமெடியா காட்டுறான் பாருங்க, அதுல கோவமே வராது. ஃப்ளாப்பி பேர்டும் அப்படித்தான், வியட்நாம்ல ஒரே ஒரு ஆள் பண்ண கேம், 2014-ல உலகமே அதை ஆடிட்டு இருந்துச்சு, பைப்ல முட்டி செத்தா ஒரு தட்டு, உடனே அடுத்த ஆட்டம். மூணு மணி நேரம் போனது தெரியாது.

இதுக்கு எதிர் உதாரணம் வேணும்னா ப்ளட்போர்ன். எனக்கு ரொம்ப புடிச்ச கேம், ஆனா 2015-ல வந்த புதுசுல செத்தா லோடிங் அரை நிமிஷத்துக்கு மேல போகும், வெறும் கேம் பேர் மட்டும் திரையில, கறுப்புல. பாஸ், அதாவது கட்டத்தோட கடைசில வர்ற பெரிய எதிரி, அடிச்சு கொன்னதை விட அந்த கறுப்புத் திரை கொன்னதுதான் ஜாஸ்தி. அப்புறம் பேட்ச் (ரிலீஸுக்கப்புறம் விடுற திருத்தம்) விட்டு குறைச்சாங்க. அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் கம்பெனிதான் டார்க் சோல்ஸ்ல (2011) பாஸ்கிட்ட செத்தா கடைசியா ஓய்வெடுத்த, எங்கயோ தூரத்துல இருக்குற நெருப்புலேர்ந்து திரும்ப ஓடியே வரணும்னு வெச்சிருந்தான், 2022 எல்டன் ரிங்ல பல பாஸ் கதவுக்கு பக்கத்துலயே ஒரு சிலையை நட்டு வெச்சுட்டான், செத்தா அங்கேர்ந்தே எழுந்திருக்கலாம். பாஸ் ஒண்ணும் ஈஸி ஆகல, சொல்லப்போனா இன்னும் கொடூரம். நடந்து வர்ற தண்டனையை மட்டும் எடுத்துட்டான். எது கஷ்டம், எது வெறும் தொல்லைன்னு அவனுக்கே பத்து வருஷத்துல பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சிருக்கு.

கே: அப்போ ப்ராஜெக்ட் ஐஜிஐ? மிஷன் நடுவுல சேவ்வே கிடையாது. ஆனா நம்ம ஊர் ப்ரவுசிங் சென்டர்ல அதைத்தானே கொண்டாடுனாங்க?

நல்ல கேள்வி, இதை கேட்டு என்னை மடக்கலாம்னு நெறைய பேர் வர்றாங்க. 2000 கடைசில வந்த கேம் அது, நார்வேக்காரங்க பண்ணது. அரை மணி நேரம் பதுங்கிப் பதுங்கி போய், கடைசி டவர்ல இருந்த ஒரு ஸ்னைப்பர் சுட்டா மொதல்லேர்ந்து. அது குறைதான், பழைய பாசத்துல அதைப் பெருமைன்னு சொல்லாதீங்க.

ஆனா ஏன் விடாம ஆடுனோம்னா, தோத்தது ஏன்னு எப்பவுமே தெளிவா தெரியும். கேமரா பாத்துருச்சு, அலாரம் அடிச்சுது, அதனால ஆளுங்க கும்பலா வந்தாங்க. அடுத்த தடவை மொதல்ல கேமரா கண்ட்ரோல் ரூமுக்கு போகணும்னு நமக்கே தோணும். மேலேர்ந்து சாட்டிலைட் மேப்ல முழு கேம்பையும் பாத்து வழி யோசிக்கலாம், எந்தப் பக்கம் வேலியை தாண்டலாம்னு பக்கத்து சீட்டு பையன் ஐடியா கொடுப்பான். தோக்கத் தோக்க அந்த இடமே மனப்பாடம் ஆயிடும். அதாவது மேல சொன்ன மூணு விஷயத்துல, ஏன் தோத்தோம்னு புரியுறது ரொம்ப நல்லா இருந்துச்சு, திரும்ப ஆட ஆகுற நேரம் ரொம்ப மோசமா இருந்துச்சு. 2003-ல ரெண்டாம் பாகத்துல கணக்கா சில சேவ் மட்டும் கொடுத்தாங்க, அதுவே சரியான முடிவுன்னு நான் சொல்வேன், எங்க சேவ் பண்றதுன்னு யோசிக்கிறதே ஒரு ஆட்டம் ஆயிடுது.

கே: தோத்தா தப்பு நம்மளோடதா, கேமோடதான்னு எப்படி கண்டுபுடிக்கிறது?

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ல வர்ற ட்ரெயின் மிஷனை எடுத்துக்கோங்க, 2004 கேம், இன்னிக்கு வரைக்கும் மீம் ஓடுது. பைக்ல ட்ரெயினை துரத்தணும், பின்னாடி உக்காந்திருக்குற பிக் ஸ்மோக்ன்ற கூட்டாளி ட்ரெயின் மேல இருக்குறவங்களை சுடணும். நாம எல்லாரும் என்ன பண்ணோம், ட்ரெயினை ஒட்டியே ஓட்டுனோம், கிட்டப் போனா நல்லா சுடுவான்னு நெனச்சு. ஆனா கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுல ஓட்டுனாதான் அவனுக்கு குறி கிடைக்குது. இதை கேம் எங்கயுமே சொல்லித்தராது. தோத்ததும் அந்த குண்டன் நம்மளையே திட்டுவான் வேற! இது கேமோட தப்பு. மிஷன் கஷ்டம்கிறதுக்காக சொல்லல, தப்பான பாடத்தை கத்துக்கொடுத்துச்சுன்னு சொல்றேன்.

அதே ஜிடிஏ வரிசைல வந்த வைஸ் சிட்டில அந்த குட்டி ரிமோட் ஹெலிகாப்டர் மிஷன் வேற ரகம். நாலு பாமை கட்டிடத்துல வெக்கணும், டைமர் ஓடும், கீபோர்ட்ல ஹெலிகாப்டர் ஓட்டுறதுக்குள்ள விரல் பின்னிக்கும். அதுவரைக்கும் கார் ஓட்டவும் சுடவும் கத்துக்கிட்டு வந்தோம், அது எதுவுமே இங்க உதவாது, புதுசா ஒண்ணை டைமரோட கத்துக்கணும். அந்த மிஷனோட நின்னு போய் மீதி கதையே பாக்காதவங்க நெறைய பேர், அவங்களுக்கு வைஸ் சிட்டின்னா சும்மா ஊர் சுத்துறதும் சீட் கோடு அடிச்சு டேங்க் வரவழைக்கிறதும்தான். அதுவும் ஜாலிதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

கே: கஷ்டமான கேம்தான் நல்ல கேமா? ஈஸி மோட் போட்டா அசிங்கமா?

இல்ல. இல்ல.

செலஸ்ட் (2018) மலை ஏறுற கேம், விரல் ஒடியும். ஆனா அதுலயே அசிஸ்ட் மோட் இருக்கு, வேகத்தை குறைக்கலாம், சாகாமலே கூட ஆடலாம், ஆன் பண்ணா உங்களை கேலி எதுவும் பண்ணாது. ஹேடீஸ்ல (2020) காட் மோட்னு ஒண்ணு, ஆரம்பத்துல உங்க மேல விழுற அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், 80 வரைக்கும். தோக்கத் தோக்க கேம் உங்க பக்கம் சாஞ்சுக்கிட்டே வருது. அந்த கேம்ல இன்னொரு சூட்சுமம், செத்தா அப்பாவோட அரண்மனைக்கு திரும்பி வருவோம், அங்க இருக்குறவங்க புதுசா எதாவது பேசுவாங்க, செத்தாதான் கதையே நகருது. அதனால சாவு வந்தா அட போச்சேன்னு தோணாது, சரி வீட்டுக்கு போய் யார் என்ன பேசுறாங்கன்னு பாப்போம்னு தோணும். தோத்தவனுக்கு பரிசு கொடுக்குறதுல இதை அடிச்சுக்க இன்னும் ஒரு கேம் வரலன்னு நெனைக்கிறேன்.

கே: 'ஃபீல்' நல்லாருக்கு, நல்லால்லன்னு சொல்றாங்களே, அது என்ன? சும்மா பீத்தலா?

பீத்தல் இல்ல, அளந்து காட்டலாம். ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுதுன்னா ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட். ஃபைட்டிங் கேம்ல ஒரு குத்து விழும்போது ரெண்டு பேரும் சில ஃப்ரேம் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க, ஹிட் ஸ்டாப்னு பேரு. கண்ணுக்கு தனியா தெரியாது, ஆனா அதை எடுத்துட்டா குத்து காத்துல போன மாதிரி இருக்கும். நெறைய மொபைல் கேம்ல வெட்டுறதே பேப்பரை வெட்டுற மாதிரி இருக்குதே, பல நேரம் இதுதான் காரணம், ஹிட் ஸ்டாப் இல்ல, சத்தம் லேட்டா வருது, எதிராளி அடி வாங்குன மாதிரியே காட்டிக்க மாட்டான்.

அடுத்தது தாவுறது. செலஸ்ட்ல விளிம்பைத் தாண்டி கால் காத்துக்கு வந்தப்புறமும் சுமார் 0.1 நொடிக்குள்ள பட்டனை அமுக்குனா தாவ விடுவான். கணக்குப்படி நாம கீழ விழுந்திருக்கணும். ஆனா நம்ம மூளை 'நான் சரியாத்தான் அமுக்குனேன்'னு சத்தியம் பண்ணும், கேம் அந்த சத்தியத்தை நம்புது. கொயோட் டைம்னு இதுக்கு பேர் வெச்சிருக்காங்க, கார்ட்டூன்ல மலை உச்சியைத் தாண்டி காத்துல ஓடிட்டு கீழ பாத்தப்புறம்தான் விழுற அந்த நரி மாதிரி பிராணிதான். இது இல்லாத ஒரு மலிவு ப்ளாட்ஃபார்மர் (தாவித் தாவிப் போற கேம்) ஆடிப் பாருங்க, 'பட்டன் வேலை செய்யல'ன்னு கத்துவீங்க. பட்டன் வேலை செஞ்சிருக்கும்.

1985 சூப்பர் மாரியோவோட மொத லெவலையும் இங்கயே சொல்லிடுறேன். ஆரம்பிச்ச சில நொடில ஒரு காளான் மூஞ்சி பொம்மை எதிர்ல வருது, தொட்டா செத்தோம். போனது சில நொடிதான், திரும்ப அதே இடம், இந்த தடவை தாவுவோம். கொஞ்சம் தள்ளி கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டுனா வேற ஒரு காளான் வரும், அது வலது பக்கம் ஓடி பைப்ல மோதி நம்மகிட்டயே திரும்பி வரும், பயந்து ஓடுனாலும் பெரும்பாலும் மேல பட்டுரும், பட்டதும் நாம பெருசாயிடுவோம். ஒரு எழுத்து கூட இல்லாம எது எதிரி, எது நல்லதுன்னு பாடம் முடிஞ்சுது. இப்ப வர்ற கேம்ல முதல் ஒரு மணி நேரம் பாப்அப் மேல பாப்அப் போட்டு எழுத்தைத்தான் படிக்க விடுறாங்க.

கே: அப்படி நமக்கு தெரியாம உதவி பண்றது ஏமாத்து வேலை இல்லையா?

கொஞ்சம் ஏமாத்துதான், பரவால்ல. டூம் மாதிரி கேம்ல ஹெல்த் பார்ல கடைசி துண்டு பாக்குறதை விட அதிக அடி தாங்கும், 'நூல் இழையில தப்பிச்சேன்டா'ன்னு நாம கத்துறதுக்காக. பயோஷாக்ல எதிரியோட மொத குண்டு நம்ம மேல படாது, சுட்டது யாருன்னு திரும்பிப் பாக்க நேரம் கொடுக்குறாங்க. 2005 ரெசிடென்ட் ஈவில் 4 நாம திணறுனா கமுக்கமா ஈஸி ஆகும், நல்லா ஆடுனா கஷ்டமாகும். கூட ஆடுற இன்னொரு மனுஷனுக்கு எதிரா இப்படி உதவி கிடைச்சா அது அநியாயம், தனியா ஆடும்போது யாருக்கு என்ன நஷ்டம்?

கே: கிராஃபிக்ஸ் முக்கியமா?

நம்ம கைல இருக்குற மெஷின்ல ஓடணும், அது முக்கியம். ஃப்ரீ ஃபையர் நம்ம ஊர்ல அந்த அளவுக்கு பரவுனதுக்கு அழகு காரணமில்ல, மலிவு போன்லயும் ஓடுச்சு. மைன்கிராஃப்ட் கட்டம் கட்டமா இருக்கும், 30 கோடிக்கு மேல வித்திருக்கு. போதும்.

கே: சைபர்பங்க் 2077 மேல ஏன் அவ்ளோ கோவம்? இப்ப நல்லாத்தானே இருக்கு?

இப்ப நல்லாருக்கு, நானே சிபாரிசு பண்றேன். ஆனா 2020 டிசம்பர் 10 அன்னிக்கு நடந்ததை மறக்கக்கூடாது.

2012-ல அறிவிச்ச கேம். போலந்து கம்பெனி சிடி ப்ராஜெக்ட் ரெட், அதுக்கு முன்னாடி விட்ச்சர் 3 பண்ணி நல்ல பேரு வாங்குனவங்க, அதனால எல்லாரும் கண்ணை மூடிட்டு நம்புனாங்க, 2020-ல மட்டும் மூணு தடவை தேதியைத் தள்ளிப்போட்டும் ப்ரீ ஆர்டரே 80 லட்சம். ரிலீஸுக்கு முன்னாடி விமர்சகர்களுக்கு பிசி காப்பி மட்டும்தான் கொடுத்தாங்க, அவங்க ரெக்கார்ட் பண்ண வீடியோவையும் போடக்கூடாதுன்னு கண்டிஷன். சோனியோட பிஎஸ்4-லயும் பழைய எக்ஸ்பாக்ஸ்லயும் எப்படி ஓடும்னு ஒருத்தருக்கும் தெரியாது. ரிலீஸ் ஆச்சு, அந்த மெஷின்ல ஆளுங்க முகம் களிமண் மாதிரி, கார் ரோட்டுக்குள்ள புதையுது, திடீர்னு கேம் மூடிக்குது. ஒரு வாரத்துல சோனி பணத்தை திருப்பிக் கொடுத்து கடையிலேர்ந்தே தூக்குனாங்க, திரும்ப வந்தது 2021 ஜூன்ல.

நான் முன்னாடி சொன்ன அளவுகோலையே வெச்சுப் பாருங்க. க்ராஷ் ஆகுறதுன்னா நாம ஒரு தப்பும் பண்ணாம தோக்குறது. கத்துக்க பாடம் இல்ல, திருத்திக்க வழி இல்ல, திரும்ப ஆடுனா இன்னும் நல்லா ஆடுவோம்கிற நம்பிக்கையும் இல்ல. எதிரி அடிச்சு அம்பது தடவை சாவேன், கம்முனு ஆடுவேன். ரெண்டு தடவை க்ராஷ் ஆனா தூக்கிப் போட்டுருவேன்.

கே: அப்புறம் பேட்ச் விட்டு சரி பண்ணிட்டா மன்னிச்சிடலாமா?

யார் எப்படி சரி பண்றாங்கன்றதை பொறுத்தது. நோ மேன்ஸ் ஸ்கைன்ற விண்வெளி கேம் 2016 ஆகஸ்ட்ல வந்தப்ப, இன்னொரு ப்ளேயரை சந்திக்க முடியுமான்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருந்தாங்க, ரிலீஸான மறுநாளே ரெண்டு பேர் ஒரே கிரகத்துல ஒரே இடத்துல போய் நின்னாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியல. எண்ணி மாளாத கிரகம் இருந்து என்ன, போய் பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் அந்த சின்ன பிரிட்டிஷ் டீம் வாயை மூடிட்டு வேலை செஞ்சாங்க, 2018-ல ஒழுங்கான மல்டிப்ளேயர், வருஷா வருஷம் அப்டேட், எல்லாமே இலவசம். 2024-ல ஸ்டீம்ல (பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடை) விமர்சனம் 'ரொம்ப நல்லாருக்கு' ரகத்துக்கு ஏறிடுச்சு. ஃபைனல் ஃபேன்டசி 14 இன்னும் ஒரு படி மேல, 2010-ல வந்த கேமையே மூடிட்டு 2013-ல புதுசா கட்டி திறந்தாங்க.

மன்னிக்கலாம். ஆனா இதை காட்டி 'மொதல்ல வித்துருவோம், அப்புறம் பாத்துக்கலாம்'னு மத்த கம்பெனிங்க கத்துக்கிட்டாங்க, அங்கதான் எனக்கு எரியுது. 2024-ல வந்த கான்கார்டுன்ற ஆன்லைன் துப்பாக்கி கேமுக்கு அந்த அவகாசமே கிடைக்கல, ஆகஸ்ட் 23 ரிலீஸ், செப்டம்பர் 6 சர்வர் க்ளோஸ், எல்லாருக்கும் ரீஃபண்ட். சுடுறது நல்லாத்தான் இருந்துச்சாம், அதே மாதிரி கேம் நாலு ஓசில கிடைக்கும்போது 40 டாலர் யார் கொடுப்பா?

கே: கேம்குள்ள காசு கேட்டா தப்பா? அவங்களும் சம்பாதிக்கணும்ல?

சம்பாதிக்கட்டும். துணி, கலர், டான்ஸ் விக்கட்டும், நானே வாங்கியிருக்கேன். எப்ப கேக்குறான்றதுதான் விஷயம். கேண்டி க்ரஷ்ல அஞ்சு உயிர், ஒண்ணு திரும்ப வர 30 நிமிஷம். ஒரே ஒரு மூவ்ல தோத்து வயிறெரிஞ்சு நிக்கும்போதுதான் 'இன்னும் 5 மூவ் வேணுமா'ன்னு கடையைத் திறப்பான். தோத்த அடுத்த நிமிஷத்தையே விக்கிறான்.

2017 நவம்பர்ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 வந்தப்ப முழு விலை கொடுத்து வாங்குனவங்களுக்கு டார்த் வேடர்ன்ற கேரக்டர் பூட்டி இருந்துச்சு, திறக்க 60,000 கிரெடிட், ஒரு ஹீரோவுக்கு சுமார் 40 மணி நேரம் ஆடணும்னு ஆடுனவங்க கணக்கு போட்டாங்க. பாடுபட்டு திறந்தாதான் பெருமையா இருக்கும்ன்ற மாதிரி அதை வெளியிட்ட இஏ கம்பெனி ரெட்டிட்ல ஒரு பதில் போட, அதுக்கு 6 லட்சத்துக்கும் மேல டவுன்வோட் (புடிக்கலன்ற ஓட்டு) விழுந்துச்சு. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி காசு கட்டி வாங்குற வசதியையே நிறுத்தி வெச்சாங்க. அடுத்த வருஷம் பெல்ஜியம் லூட் பாக்ஸை (உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலே காசு கொடுத்து வாங்குற பெட்டி) சூதாட்ட கணக்குல சேத்துச்சு. ப்ளேயருங்க கத்துனா ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றவங்களுக்காக இதை எழுதுறேன்.

கே: மேப் எவ்ளோ பெருசா இருக்கோ அவ்ளோ நல்லதுதானே?

மேப்ல நூறு ஐக்கான், ஒவ்வொண்ணா போய் டிக் அடிக்கணும்னா அது ஆபீஸ் வேலை, எனக்கு அதுக்கு சம்பளமே கிடைக்குது. செல்டா ப்ரெத் ஆஃப் தி வைல்டு (2017) ஏன் வேற மாதிரி இருந்துச்சுன்னா அங்க விதிங்க ஒண்ணோட ஒண்ணு பேசும். இடி இடிக்கும்போது இரும்பு வாள் வெச்சிருந்தா மின்னல் நம்ம மேல விழும். மொத தடவை கருகி சாவோம், 'அட, அப்படியா?'ன்னு அடுத்த தடவை அதே வாளை எதிரி பக்கத்துல வீசிட்டு தள்ளி நின்னு வேடிக்கை பாப்போம். செத்ததுலேர்ந்து ஒரு ஆயுதமே கிடைக்குது.

கே: வெண்பான்ற சமையல் கேம் ஒரு ராத்திரியில முடிஞ்சிடுச்சு, அதுக்கு ஏன் இவ்ளோ பேசுறீங்க?

ஒண்ணரை மணி நேரம் கூட ஆகாது, விலை ஜாஸ்தின்னு நெறைய பேர் எழுதுனாங்க, அது நியாயமான புகார்தான், சேல்ல வாங்குங்க. டொராண்டோல இருக்குற விசாய் கேம்ஸ் 2023-ல விட்டது, எண்பதுகள்ல கனடாவுக்கு போன ஒரு தமிழ் அம்மா, அப்பா, அங்க பொறந்த பையன் கவின். அம்மாவோட அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் போயிருக்கும், விட்டுப்போனதை நாம யூகிச்சு சமைக்கணும். இட்லித் தட்டை எப்படி அடுக்குறதுன்னு முதல் புதிர். தப்பா பண்ணா கேம் ஓவர்லாம் கிடையாது, சரியா வரலன்னு தெரியும், உடனே திரும்ப பண்ணலாம். நம்ம வீட்டுல அப்படித்தானே கத்துக்கிட்டோம், யாரும் மூணு உயிர் கொடுத்து சமைக்க விடல. அடுத்த வருஷம் பிரிட்டன்ல கொடுக்குற பாஃப்டால முதல் படைப்புக்கான விருது அதுக்குத்தான். நூறு மணி நேர கேம்ல பாதி மணி நேரத்தை குதிரை மேல உக்காந்தே கழிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கே: ஃப்ரெண்ட்ஸோட ஆடுனா எந்த மொக்க கேமும் நல்லாத்தானே இருக்கு?

ஆமா, அதுல வாதமே இல்ல. அமாங் அஸ், கூட்டத்துல ஒளிஞ்சிருக்குற கொலைகாரனை கண்டுபுடிக்கிற கேம், 2018-ல வந்து சீண்டுவார் இல்லாம கிடந்துச்சு, 2020 லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சப்ப வெடிச்சுது, கேம் பெருசா மாறல. ஆனா அதுலயும் பாருங்க, செத்தவன் பேயா சுத்தி மிச்ச வேலையை முடிச்சு டீமுக்கு உதவலாம், வெளிய உக்கார வேண்டியதில்ல.

கே: வாங்குறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்? சுருக்கமா சொல்லுங்க.

ப்ரீ ஆர்டர் போடாதீங்க, டிஜிட்டல் காப்பி தீந்து போகாது. ரிலீஸ் அன்னிக்கு வரைக்கும் விமர்சனமே வரலன்னா சந்தேகப்படுங்க. ட்ரெய்லரை விட்டுட்டு, யாராவது ஆடித் தோக்குற வீடியோவை ஒரு அரை மணி நேரம் பாருங்க, நல்லா ஆடுறவன் வீடியோ வேணாம், சுமாரா ஆடுறவன் வீடியோ. அவன் தோத்துட்டு சிரிக்கிறானா, கன்ட்ரோலரை முறைக்கிறானா, லோடிங் போகும்போது போனை எடுக்குறானா. ஸ்டீம்ல வாங்குனா 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், அதனால முதல் ரெண்டு மணி நேரத்துல கேரக்டர் மூக்கை செதுக்கிட்டே இருக்காம நேரா சண்டைக்கு போய் செத்துப் பாருங்க.

கே: ஆன்லைன் கேம் வாங்கலாமா, சர்வர் மூடிட்டா என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண முடியாது. தி க்ரூ, 2014-ல வந்த கார் கேம், தனியா ஆடுனாலும் இன்டர்நெட் வேணும், 2024 மார்ச் 31-ல யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்துனதும் காசு கொடுத்து வாங்குனவங்களுக்கும் ஓடல. அதை எதிர்த்துதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ஒரு இயக்கமே கிளம்புச்சு. வாங்குற பக்கத்துல 'இன்டர்நெட் கட்டாயம்'னு சின்ன எழுத்துல போட்டிருக்கான்னு கீழ வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க, போட்டிருந்தா முழு விலை கொடுக்காதீங்க, சேல் வரட்டும்.